தொப்பைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?



மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்தத் தலைப்பைக் கொடுத்ததும் மலர்க் குழுவில் இருக்கும் சீனியர் அண்ணன் ஒருவர் என்னிடம் அதையேதான் சொன்னார். "தொப்பை இடுப்புல இருக்கு, காது தலையில இருக்கு. எங்கப்பா சம்பந்தம்?" என்று கேட்டார். சம்பந்தம் இருக்கிறது அண்ணா! இரண்டுக்கும் ஓடுவது ஒரே ரத்தம்தான். அந்த ரத்தம் போகிற குழாய் கெட்டால் முதலில் அடி வாங்கும் உறுப்புகளில் காதும் ஒன்று.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகத்தில் 150 கோடிப் பேருக்கு மேல் ஏதாவது ஓர் அளவில் காது மந்தம் இருக்கிறது. 2050-ல் இது 250 கோடியை நெருங்கும் என்கிறார்கள். இதை வயசானவர்கள் சமாச்சாரம் என்று நாம் தள்ளிவிட முடியாது. டிப்ளமோ முடித்து 20 வயதில் நாம் கால் வைக்கப் போவது பெரும்பாலும் மெஷின் ஓடும் இடத்தில்தான். அங்கே 35, 40 வருடம் வேலை பார்க்க வேண்டும். அதனால் இது நம்ம சமாச்சாரம்!

1. காது என்னும் சின்ன பவர் ஹவுஸ்

முதலில் காது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது சுலபம்.

சத்தம் என்பது காற்றில் வரும் அழுத்த அலை. அது செவிப்பறையில் மோதுகிறது. செவிப்பறையில் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர். அதன் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் நெம்புகோல் மாதிரி கோத்திருக்கின்றன. நம் உடம்பிலேயே சின்ன எலும்பு இந்த அங்கவடிதான். அதன் அடித்தட்டின் பரப்பு சுமார் 3.2 சதுர மில்லிமீட்டர். பெரிய பரப்பில் வாங்கிய விசையைச் சின்னப் பரப்பில் கொடுத்தால் அழுத்தம் கூடும் என்று முதல் வருடத்திலேயே படித்தோம். பரப்பினால் 17 மடங்கு, நெம்புகோலினால் 1.3 மடங்கு, ஆக மொத்தம் சுமார் 22 மடங்கு அழுத்தம் கூடித்தான் உள்காதின் திரவத்துக்குள் போகிறது.

உள்காதில் நத்தைக் கூடு போல இரண்டரைச் சுற்றுச் சுற்றிய ஒரு குழாய் இருக்கிறது. அதன் பெயர் காக்ளியா. நீட்டினால் 35 மில்லிமீட்டர்தான் வரும். அதற்குள் ஒரு காதுக்கு சுமார் 15,000 முடிச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. கீச்சென்ற சத்தத்தை வாசல் பக்கச் செல்களும், கனத்த சத்தத்தை உள் முனைச் செல்களும் பிடிக்கின்றன. அலை இந்தக் குழாயில் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்தவர் ஜார்ஜ் வான் பெக்கேஸி. அதற்காக 1961-ல் நோபல் பரிசு வாங்கினார். அவர் டாக்டருக்குப் படித்தவர் அல்ல! ஹங்கேரி நாட்டுத் தபால் துறையின் டெலிபோன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த இயற்பியல்காரர். டெலிபோனில் பேச்சு தெளிவாகக் கேட்க என்ன செய்யலாம் என்று பார்க்கப் போய்த்தான் காதுக்குள் போனார்.

இப்போது எங்க எலெக்ட்ரிக்கல் பக்கம் வாருங்கள். முடிச் செல் வேலை செய்ய கரண்ட் வேண்டும். காக்ளியாவின் ஓரத்தில் ரத்த நாளங்கள் நிறைந்த ஒரு பட்டை இருக்கிறது. அது இரவும் பகலும் பொட்டாசியத்தை பம்ப் செய்து உள்ளே சுமார் 80 மில்லிவோல்ட் அழுத்தத்தை நிறுத்தி வைக்கிறது. அதாவது அந்தப் பட்டைதான் சார்ஜர். சார்ஜர் ஓட ஆக்சிஜன் வேண்டும், ஆக்சிஜன் வர ரத்தம் வேண்டும்.

இங்கேதான் ஒரு பலவீனம் இருக்கிறது. உள்காதுக்கு ரத்தம் கொண்டு வருவது மெல்லிய ஒரே ஒரு தமனி. ஊர்களுக்கு ரிங் மெயின் போட்டால் ஒரு பக்கம் ஃபால்ட் ஆனாலும் மறு பக்கம் சப்ளை வரும். காதுக்கு இருப்பது ரேடியல் ஃபீடர். அந்த ஒரு லைன் சுருங்கினால் மாற்று லைன் கிடையாது. முடிச் செல் ஒரு தடவை செத்தால் மனிதனுக்கு அது திரும்ப முளைப்பதும் கிடையாது. ஆகவே காதின் ஆயுள் அந்த லைனின் ஆயுளைப் பொறுத்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. எடை வேறு, உடம்பின் கலவை வேறு

சைக்கிள் கடை பக்கத்தில் இருக்கும் எடை மெஷினில் ஏறி நின்றால் ஒரு நம்பர் வரும். அந்த நம்பருக்குள் தசை, கொழுப்பு, எலும்பு, தண்ணீர் எல்லாம் கலந்து இருக்கிறது. எதில் எவ்வளவு என்று மெஷின் சொல்லாது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் பி.எம்.ஐ. கணக்கை எல்லோரும் சொல்கிறார்கள். அதை முதலில் போட்டவர் பெல்ஜியம் நாட்டு குவெட்லெட். 1830-களில் போட்ட கணக்கு அது. 165 செ.மீ. உயரம், 68 கிலோ என்றால் 25 வரும். ஆனால் அந்த 68 கிலோவில் கல்லு தூக்கும் தோள் எவ்வளவு, சட்டை பட்டனைப் பிதுக்கும் வயிறு எவ்வளவு என்று அதுவும் சொல்லாது.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2004-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் பக்கத்துப் பக்கத்தில் வந்தது. ஒருவர் லண்டன் ஜான் யுட்கின், மற்றவர் நம்ம புனே சித்தரஞ்சன் யாஜ்னிக். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. ஸ்கேன் செய்து பார்த்தால் லண்டன்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், புனேக்காரர் உடம்பில் 21.2 சதவீதம்! ஒரே நம்பருக்குள் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். இந்தியர்களில் நிறையப் பேர் பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதனால்தான் இந்திய மருத்துவர்கள் 2009-ல் நமக்குத் தனி அளவு வைத்தார்கள். பி.எம்.ஐ. 23 தாண்டினாலே அதிக எடை. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை.

கொழுப்பிலும் இடம் முக்கியம். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு ஓரளவு சாது. வயிற்றுக்குள்ளே ஈரலையும் குடலையும் சுற்றி உட்காருவதுதான் வம்புக்காரக் கொழுப்பு. அது சும்மா இருக்கும் மூட்டை அல்ல. அழற்சியை உண்டாக்கும் ரசாயனங்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். ரத்தக் குழாயைக் காப்பாற்றும் அடிபோநெக்டின் என்ற ஹார்மோனைக் குறைத்துவிடும். கூடவே பிரஷர், சுகர், ரத்தக் கொழுப்பு மூன்றும் ஏறும். இவை எல்லாம் சேர்ந்து சின்ன ரத்தக் குழாய்களின் சுவரைத் தடிக்க வைக்கும், வழியைச் சுருக்கும். தசை இதற்கு நேர் எதிர். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் வரும் சர்க்கரையில் பெரும் பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் சர்க்கரை ரத்தத்திலேயே சுற்றும்.

மேலே சொன்ன ரேடியல் ஃபீடரை இப்போது நினைத்துப் பாருங்கள். தொப்பைக்கும் காதுக்கும் உள்ள முடிச்சு புரியும்.

3. ஆராய்ச்சிகள் சொல்வது என்ன?

அமெரிக்காவில் 1989-ல் தொடங்கி நர்சுகளை வருடக்கணக்காகப் பின்தொடரும் ஒரு பெரிய ஆய்வு உண்டு. அதில் 68,421 பெண்களின் விவரங்களை 2009 வரைக்கும் எடுத்துப் பார்த்து 2013-ல் வெளியிட்டார்கள். இடுப்பு 71 செ.மீ.க்குக் குறைந்தவர்களோடு ஒப்பிட்டால், 88 செ.மீ. தாண்டியவர்களுக்குக் காது மந்தம் வரும் வாய்ப்பு 27 சதவீதம் கூடுதல். வாரத்தில் 2 மணி நேரமாவது நடந்தவர்களுக்கு, 1 மணி நேரம்கூட நடக்காதவர்களைவிட 15 சதவீதம் குறைவு. வாரம் 2 மணி என்றால் தினம் 17, 18 நிமிஷம்தான்!

ஜப்பானில் கம்பெனித் தொழிலாளர்களுக்கு வருடா வருடம் நடக்கும் உடல் பரிசோதனையில் காதையும் 1000 ஹெர்ட்ஸ், 4000 ஹெர்ட்ஸ் இரண்டிலும் சோதிக்கிறார்கள். அப்படி சுமார் 50 ஆயிரம் பேரின் கணக்கு 2020-ல் வெளியானது. பி.எம்.ஐ. 25-க்குக் கீழே உள்ளவர்களைவிட, 30 தாண்டியவர்களுக்கு 1000 ஹெர்ட்ஸில் மந்தம் வரும் வாய்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். 4000 ஹெர்ட்ஸிலும் கூடுதல்தான், ஆனால் அந்த அளவு இல்லை. 2008-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் காது மந்தம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்பட்டது.

இதைப் படிக்கும்போது இரண்டு விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும்.

ஒன்று, 27 சதவீதம் கூடுதல் என்றால் 100 பேரில் 27 பேருக்குக் காது போகும் என்று அர்த்தம் அல்ல. ஒரு கூட்டத்தில் 100-க்கு 20 பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், அது 25 பேர் ஆகிறது, அவ்வளவுதான்.

இரண்டு, இவை சேர்ந்து காணப்படுவதைக் காட்டும் கணக்குகள். குண்டானவர் எல்லோருக்கும் காது போகாது, ஒல்லியான எல்லோருக்கும் காது நிலைக்காது. மரபு, வயசு, சிகரெட், சில மருந்துகள், காதில் சீழ், எல்லாவற்றுக்கும் மேலே சத்தம் என்று பல காரணம் உண்டு. ஆனால் வேறு வேறு நாட்டில், வேறு வேறு ஆட்களிடம் எடுத்த கணக்குகள் ஒரே பக்கம் கை காட்டும்போது அதைக் கவனிக்காமல் விடுவது புத்திசாலித்தனம் இல்லை.

4. எங்கள் வீட்டுக் கிராஃப்

எங்க அப்பா திருச்செங்கோடு பக்கம் போர்வெல் ரிக் வண்டியில் 26 வருஷம் வேலை பார்க்கிறார். அஞ்சாவது வரைக்கும் படித்தவர். எங்க வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான். முதலில் ராடு மாட்டும் ஹெல்ப்பர், அப்புறம் டிரில்லர், கடைசிப் பத்து வருஷமாக டிரைவர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனால் மாசக்கணக்கில் வர மாட்டார். டிரைவர் ஆன பிறகு உட்கார்ந்தே வேலை. ராத்திரி 12 மணிக்குத் தாபாவில் சாப்பாடு, சாப்பிட்டதும் தூக்கம். வண்டி நின்றால் கம்ப்ரசர் பக்கத்திலேயே கட்டில். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிற ஆளிடம் கையால்தான் பேச முடியும்.

அப்பாவுக்குச் சத்தம் கேட்கும், பேச்சுதான் புரியாது. இது ஏன் என்று சொல்கிறேன். 'ஆ', 'ஓ' மாதிரி உயிரொலிகள் கனத்த சத்தம். 'ச', 'த' மாதிரி மெய்யொலிகளில் கீச்சுச் சத்தம் அதிகம். கீச்சுப் பக்கம் செல்கள் முதலில் போய்விட்டால் 'காசு' என்பதும் 'காது' என்பதும் ஒன்றாகத்தான் விழும். ஆள் பேசுவது தெரியும், என்ன பேசுகிறார் என்று தெரியாது. "ஏனுங்க, கூப்பிடறது காதுல உழுகுலீங்களா?" என்று அம்மா கேட்டால், "கத்தாத, கேக்குது" என்று சொல்லிவிட்டு வேறு ஏதோ செய்வார். நான் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தால், "நல்லா இருக்கியா சாமி, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார். கல்யாண வீட்டில் ஓரமாகச் சேர் போட்டு உட்காருவார். மந்தமான காது ஒரு மனுஷனைச் சொந்த வீட்டிலேயே விருந்தாளி ஆக்கிவிடுகிறது. இது எந்த ஆராய்ச்சிக் கணக்கிலும் வராது.

போன பொங்கலுக்கு வந்தபோது அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 26 வருஷத்தில் அதுதான் முதல் காது டெஸ்ட். சத்தம் வராத அறையில் உட்கார வைத்து, 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாகக் கொடுத்து, எவ்வளவு டெசிபலில் கேட்கிறது என்று புள்ளி வைத்துக் கோடு போட்டார்கள். நம்ம லேபில் ஆம்ப்ளிஃபயருக்கு ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் வரைவோமே, அதே மாதிரிதான். 4000 ஹெர்ட்ஸ் கிட்டே ஒரு பள்ளம். அது சத்தத்தின் கையெழுத்து. ஆனால் கோட்டின் இடது பக்கம், கனத்த சத்தம் இருக்கும் பக்கமும் இறங்கியிருந்தது. டாக்டர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "சுகர் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். பார்த்ததே இல்லை. எடுத்தால் வெறும் வயிற்றில் 168. இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ.

"இது ஒண்ணாலதான் வந்துச்சுன்னு கை காட்ட முடியாதுங்க. சத்தம் ஒரு பக்கம் அடிச்சிருக்கு, சுகரும் உடம்பும் இன்னொரு பக்கம் அடிச்சிருக்கலாம். போனது வராது, இருக்கறத காப்பாத்தலாம்" என்றார்.

அப்பா திரும்பி வரும்போது பஸ்ஸில், "மெஷின்காரனுக்குக் காது போகத்தான் செய்யும்" என்றார். இந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. காது போவதைக் கூலியோடு சேர்த்து வாங்கிக்கொள்ளும் விஷயமாக அவர் தலைமுறை நினைக்கிறது. நாம் அப்படி நினைக்கக் கூடாது.

இப்போது அப்பா சுகர் மாத்திரை எடுக்கிறார், ஊரில் இருக்கும்போது காலையில் அரை மணி நேரம் நடக்கிறார். காது மெஷின் வைக்க மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கிறோம்.

5. பழியைத் தொப்பை மேல் மட்டும் போடாதே!

இதையும் சொல்லியாக வேண்டும். நாளைக்கு ஒரு முதலாளி இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, "உனக்குத் தொப்பை இருக்கு, அதான் காது போச்சு. என் மெஷின் மேல குத்தம் இல்ல" என்று சொல்லிவிடக் கூடாது. மெஷின் பக்கத்தில் வேலை செய்பவனுக்கு முதல் எதிரி சத்தம்தான்.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்லும் வரம்பு இது:

85 டெசிபல் – 8 மணி நேரம்
88 டெசிபல் – 4 மணி நேரம்
91 டெசிபல் – 2 மணி நேரம்
94 டெசிபல் – 1 மணி நேரம்
100 டெசிபல் – 15 நிமிஷம்

3 டெசிபல் கூடினால் சத்தத்தின் சக்தி இரண்டு மடங்கு ஆகிறது, நேரம் பாதியாகிறது. மீட்டர் இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தால், அந்த இடம் காதுக்கு ஆகாது.

சத்தத்துக்கு முடிச் செல்லைக் காப்பாற்றவும் ரத்தம்தான் வேண்டும். ஏற்கெனவே சப்ளை சுருங்கிய காது, சத்தத்தின் அடியிலிருந்து எழுந்திருக்கத் திணறும். எனவே 'சத்தமா, உடம்பா' என்று பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. சத்தத்தைக் குறைப்பது முதலாளியும் இன்ஜினியரும் சேர்ந்து செய்ய வேண்டிய கடமை. சப்ளை லைனைப் பார்த்துக்கொள்வது நம்ம கையில் இருக்கும் வேலை.

6. நாம் என்ன செய்யலாம்?

(அ) எடை மெஷினைவிட டேப்பை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு, டேப்பை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். டேப் இல்லையா? உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி இரண்டாக மடியுங்கள். மடித்த நூல் இடுப்பைச் சுற்றி வர வேண்டும். வரவில்லை என்றால் உஷார்! அருணாக்கயிறு கட்டும் பையன்களுக்கு நூல்கூட வேண்டாம், கயிறு இறுகும்போதே தெரிந்துவிடும்.

(ஆ) தினம் அரை மணி நேரம் நடங்கள். பஸ் ஸ்டாப் ஒன்று முன்னாலேயே இறங்கினாலும் நடைதான். கூடவே தண்டால், பஸ்கி போட்டால் தசையும் நிற்கும். காசு செலவு கிடையாது.

(இ) பட்டினி கிடந்து எடை குறைக்காதீர்கள். அப்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். முட்டை, பருப்பு, சுண்டல், கடலை நமக்குக் கட்டுப்படியாகிறவைதான்.

(ஈ) காதில் பஞ்சு வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், அது சத்தத்தைச் சரியாகத் தடுக்காது. நுரை இயர் பிளக்கை விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதை மேலேயும் பின்னாலேயும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிஷம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

(உ) செல்போன் இயர்போனில் சத்தத்தைப் பாதியில் வையுங்கள். உலகத்தில் 100 கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்களின் காது இப்படியே ஆபத்தில் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

(ஊ) வீட்டில் 40 வயது தாண்டியவர்களுக்கு சுகர், பிரஷர், காது மூன்றையும் சேர்த்தே பாருங்கள். டி.வி. சத்தம் கூடிக்கொண்டே போனால், "பெரியவருக்கு வீம்பு" என்று சொல்லாமல் டெஸ்டுக்குக் கூட்டிப் போங்கள்.

நம் மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். ஷீட் மெட்டல் செக்ஷனில் 20 பேர் ஒரே நேரத்தில் தகடு அடிக்கும்போது அந்தக் கொட்டகை எப்படி அதிர்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வரும் ஆண்டு பேரவை நிதியில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒர்க்‌ஷாப்புக்கு இயர் பிளக் வாங்கி வைக்க வேண்டும். முதலாமாண்டு மாணவர் சேரும்போதே ஒரு தடவை காது டெஸ்ட் எடுத்து அந்தக் கிராஃபைக் கையில் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். நாளைக்கு எந்தக் கம்பெனிக்குப் போனாலும், "நான் உள்ளே வந்தபோது என் காது இப்படி இருந்தது" என்று காட்ட அது ஓர் ஆதாரம்.

வள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். படிக்காதவனும் கேட்டு அறிவு பெறலாம் என்பது அவர் கொடுத்த தைரியம். எங்க அப்பாவைப் போலப் பள்ளிக்கூடத்தை விட்டுச் சீக்கிரம் வந்தவர்கள் எல்லோரும் தொழிலைக் கற்றது காது வழியாகத்தான். அவர்கள் நம்மைப் படிக்க வைத்திருக்கிறார்கள். படித்ததை வீட்டுக்குக் கொண்டு போவோம். இந்த மலரை மூடியதும் ஒரு டேப்பைத் தேடுங்கள்!

– இரண்டாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை